பறவைகளை எண்ண வருகிறவர்கள்

பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள், வீட்டில் விசேஷ வேலை நடந்துகொண்டிருக்கும்போது விடியற்காலையிலேயே எழுந்து கண்மாய்க் கரைக்கு ஏன் வருகிறார்கள் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எளிதாகச் சொல்லக்கூடிய பதில்கள் உண்டு: இயற்கை மீது ஈடுபாடு, நல்ல காற்று, பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை, பறவைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம். எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றில் எதற்கும் ஒரு நிகழ்ச்சி தேவைப்படாது. பறவை பார்க்க விரும்புகிறவர் எந்த நாளிலும் தனியாகப் போய்ப் பார்க்கலாம்; பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். நாள் குறித்து, நேரம் குறித்து, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி எழுதுவதில் இவற்றுக்கு மேலான ஏதோ ஒன்று இருக்கிறது. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டும், புதிதாக வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போயும் வந்ததில் எனக்குப் பட்டது இதுதான். தான் பார்த்தது ஓரிடத்தில் போய்ச் சேருகிறது, அங்கே அதற்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்தவுடன் மனிதர்கள் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை ஒருமுறை உணர்ந்தவர்கள் அதற்காகவே மறுபடி வருகிறார்கள்.

பண்டிகை நாளில் பறவைகளை எண்ணுவது நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட்கள் அணி பிரிந்து துப்பாக்கியோடு போய், எந்த அணி அதிகமான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துகிறது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று 1900ஆம் ஆண்டில் அழைப்பு விடுத்தார். அந்த முதல் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பில் 25 இடங்களில் 27 பேர் கலந்துகொண்டு ஏறத்தாழ 90 வகைப் பறவைகளைப் பதிந்தார்கள். அது இன்றுவரை தொடர்ந்து நடக்கிறது. இந்த வரலாற்றில் என்னை ஈர்ப்பது, சாப்மன் யாரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லவில்லை என்பதுதான். பண்டிகை நாளில் கூட்டாளிகளோடு வெளியே கிளம்புவது, திரும்பி வந்து எத்தனை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஆகிய இரண்டு இன்பங்களையும் அவர் அப்படியே விட்டுவைத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் கீழே வைக்கச் சொன்னார். மனிதர்கள் எதற்காகக் கூடுகிறார்கள் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் 1998இல் தொடங்கிய பிப்ரவரி மாத நான்கு நாள் கணக்கெடுப்பு 2013இல் உலகம் முழுவதற்கும் விரிந்தபோது இந்தியாவும் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015இல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள்.

பொங்கலைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பெரிய நுட்பம் இருக்கிறது. பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோர் சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய பதிவுகளும் அந்நகரங்களைச் சுற்றியே குவிகின்றன. பொங்கல் நெருங்கும்போது இவர்கள் அனைவரும் பேருந்திலும் ரயிலிலும் இடம்பிடித்து, தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவிப் போகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரு பதிவுகூட வராத ஊரில், அந்த நான்கு நாள்களுக்கு மட்டும் பறவைகளின் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார். எந்த நிறுவனம் எவ்வளவு செலவு செய்தாலும் ஒரே வாரத்தில் இப்படி ஆட்களை ஊர் ஊராக அனுப்ப முடியாது. பண்டிகை அதைத் தானாகச் செய்துகொடுக்கிறது. பருவமும் ஒத்துவருகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். வடக்கிலிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்தத் தண்ணீரில் இருக்கும். அறுவடையான வயல்களின் மேலே தகைவிலான்கள் தாழப் பறந்துகொண்டிருக்கும்.

கணக்கெடுப்பின் விதி மிக எளிமையானது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும் அல்லது நடக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணால் பார்த்து அல்லது காதால் கேட்டு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், எண்ணிக்கையோடு இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். பட்டியலை ஏற்றும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கடந்துபோவார்கள். எனக்கு இந்தக் கணக்கெடுப்பின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

ஒருமுறை கல்லூரி மாணவி ஒருவர் தன்னுடைய பட்டியலைக் காட்டத் தயங்கியபடி நின்றார். காக்கை, மைனா, மடையான், கரிச்சான், புள்ளிப்புறா, சின்னான் என்று பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தன. "எல்லாரும் பாக்குறதுதான் டீச்சர் இருக்கு, இதைப் போய் எதுக்கு ஏத்தணும்" என்றார். நான் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கேயும் சொல்கிறேன். அரிய பறவையை மட்டும் பதிந்தால், ஒருவர் எதைப் பார்த்தார் என்பது மட்டுமே தெரியும். எல்லாவற்றையும் பதிந்துவிட்டு "ஆம்" என்று சொல்லும்போது, அவர் எதைப் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. முழுப் பட்டியல்கள் நூறு இருந்தால், அவற்றில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று கணக்கிட முடியும். பத்து ஆண்டு கழித்து அதே பகுதியின் நூறு பட்டியல்களில் அது எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிடவும் முடியும். காக்கையை எழுதாமல் விட்ட பட்டியல் அந்த ஒப்பீட்டுக்கு உதவாது. ஆகவே அந்த மாணவி எழுதிய காக்கை, பெரிய காமிராக்காரர் தேடிப்போய் எடுத்த அரிய உள்ளானுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இதைக் கேட்டபின் அவர் மறுபடியும் கரைக்குப் போய், விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். நான் சொல்லும் மாற்றம் இதுதான். அதுவரை காக்கையைப் பார்த்தும் பாராமல் கடந்துபோனவர், இப்போது எத்தனை காக்கைகள் என்று நின்று எண்ணினார்.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்து என்ன தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். "இந்தியப் பறவைகளின் நிலை" என்ற அறிக்கை முதலில் 2020இலும் அடுத்து 2023இலும் வெளிவந்தது. முதல் அறிக்கை 867 வகைகளையும் இரண்டாவது 942 வகைகளையும் மதிப்பிட்டன. இரண்டாவது அறிக்கைக்கு அடிப்படை, ஏறத்தாழ 30,000 பேர் பதிந்த மூன்று கோடி அவதானிப்புகள். சிட்டுக்குருவி எல்லா இடங்களிலும் அழிந்துகொண்டிருக்கிறது என்றும் அதற்குக் கைப்பேசிக் கோபுரங்களே காரணம் என்றும் நம் ஊரில் மேடை தோறும் பேசிக்கொண்டிருந்தோம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெருமளவு நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வந்திருக்கிறது என்று 2020 அறிக்கை காட்டியது. மறுபக்கம், யாரும் கவலைப்படாத பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது என்று 2023 அறிக்கை சொன்னது. அதன் அழிவுநிலையை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

பனங்காடை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பறவை. வயலோரத்து மின்கம்பியில் சாம்பலும் பழுப்புமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். பறக்கும்போது மட்டும் இறக்கையில் அடர்நீலமும் வெளிர்நீலமும் பட்டைபட்டையாக விரியும். சிறு வயதில் அதைப் பார்க்காத நாள் எனக்கு நினைவில் இல்லை. அதனாலேயே அது குறைகிறது என்பதை நான் மட்டுமல்ல, எங்கள் ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கும் இருக்கிற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத் தனி ஒருவரின் கண்ணும் நினைவும் பிடிக்க மாட்டா. ஒவ்வோர் ஆண்டும் பலர் ஒரே முறையில் எழுதிவைத்த பட்டியல்கள் பிடித்துவிடுகின்றன. இந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் குழுவில் பலர் பொங்கல் நாள்களில் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

இனி கரையில் நடப்பதைச் சொல்கிறேன். தண்ணீர் வடியத் தொடங்கிய ஓரத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நிற்கும்போது, புதியவர்கள் முதலில் மலைத்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு என்று தொடங்கி முப்பதைத் தாண்டுவதற்குள் கூட்டம் இடம் மாறிவிடும். எனவே முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளச் சொல்வோம். பிறகு அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவார்கள். இப்படி எண்ணத் தொடங்கியவர் ஐந்து நிமிடத்தில் எண்ணிக்கைக்கு அப்பாலும் பார்க்கத் தொடங்கிவிடுவார். நாரை அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுவதும், அகப்பட்ட நத்தையின் சதையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதும் கண்ணில் படும். அலகை மூடியபோதும் நடுவில் இடைவெளி தெரிகிறதே என்பார் ஒருவர். அந்தப் பறவைக்கு இல்லையே என்பார் அருகில் நிற்கும் சிறுவன். அது இளசு, குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளரும்போதுதான் உண்டாகும் என்று சொன்னால், உடனே எத்தனை இளசுகள் என்று இன்னொரு கணக்கு தொடங்கிவிடும். வெறுமனே பார்க்க வந்திருந்தால் "எவ்வளவு நாரை!" என்று சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். எண்ண வேண்டும் என்ற கடமைதான் அவர்களை அங்கே நிறுத்திவைத்தது.

கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் எங்களைக் கண்டதும் முதலில் கேட்பது, "என்னத்தா, கண்மாய அளக்க வந்திருக்கீகளா?" என்பதுதான். ஆக்கிரமிப்பும் அளவையும் பட்டாவும் பற்றிய பேச்சு ஓயாத ஊர்களில் அந்தக் கேள்வி நியாயமானது. பறவையை எண்ண வந்திருக்கிறோம் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். எந்த மடைக்குப் பக்கத்தில் நாமக்கோழி அதிகம், எந்தக் கருவேல மரத்தில் சாயங்காலம் கொக்கு வந்து அடையும், எந்த ஆண்டு கண்மாய் நிறையாததால் கூழைக்கடா வரவில்லை என்று அவர்களே கூட வந்து காட்டத் தொடங்குவார்கள். அவர்களுக்கு இதெல்லாம் நாள்தோறும் பார்க்கிற காட்சி. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் வந்ததில்தான் மகிழ்ச்சி. எங்கள் மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்ப் பறவைகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட ஊரார் வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அதற்கான உரிமை பெற்றார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகவே கணக்கெடுப்புக்காக நகரத்திலிருந்து வருகிறவர்கள் கிராமத்துக்குப் பறவைகளை அறிமுகப்படுத்துவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஊரிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவைத் தேதியோடும் எண்ணோடும் எழுதிவைக்கிற வேலைதான் நம்முடையது.

வருகிறவர்களில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு ஒரு பெண் தனியாகக் கழுத்தில் பைனாகுலருடன் கண்மாய்க் கரையில் நின்றால், கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டிலும் சொல்ல வேண்டியிருக்கும். கணக்கெடுப்பு என்று ஒரு பெயர் இருந்தால், ஒரு நாள் இருந்தால், கூட நாலு பேர் இருந்தால், அந்தக் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. பல ஆண்டுகளாகப் பறவைகள் மீது ஆசையிருந்தும் மொட்டைமாடிக்கு மேல் போக முடியாதவர்கள், முதன்முதலாக ஒரு நீர்நிலையின் ஓரத்தில் நின்று அவசரமின்றிப் பார்ப்பது இந்த நாள்களில்தான். திருமணமாகிப் பொங்கலுக்குத் தாய்வீடு வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் கரையில் இருந்துவிட்டு, பிறந்து வளர்ந்த ஊரின் கண்மாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தது இதுவே முதல்முறை என்றார். ஏன் கலந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் திடமான பதில் வேறு எனக்குக் கிடைத்ததில்லை. நிகழ்ச்சி பறவைகளைத் தருவதில்லை, அவை எப்போதும் அங்கே இருக்கின்றன. அங்கே போய் நிற்பதற்கான அனுமதியை அது தருகிறது.

சான்றிதழுக்காக வரும் மாணவர்களைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதற்காக வந்தாலும் பதினைந்து நிமிடம் நேர்மையாக நின்று எழுதினால் அந்தப் பட்டியல் மற்றப் பட்டியலைப் போலவே பயன்படும். அவர்களில் ஒரு சிலர் மறு ஆண்டு சான்றிதழ் கேட்காமலே வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். தவறான அடையாளங்களைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்கும் பருவத்துக்கும் பொருந்தாத பதிவு வந்தால், சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று எழுதிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பலர் அலகின் நீளத்தையும் காலின் நிறத்தையும் கவனிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காதவை வேறு. எத்தனை வகை பார்த்தோம் என்ற போட்டி எல்லை மீறும்போது, ஒரே பறவைக்காக இருபது பேர் ஒரு புதரை வளைத்துக்கொள்கிறார்கள். கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுக்கிறார்கள். தன் எல்லைக்குள் மற்றொரு பறவை புகுந்துவிட்டதாக நம்பி அது பதறி வருவதை, நமக்குத் தரிசனம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வது கொடுமை. அடுத்தது, மேடையும் பதாகையும். நான் கலந்துகொண்ட ஒரு நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்கும்வரை அனைவரையும் வளாகத்துக்குள்ளேயே நிறுத்திவைத்தார்கள். வெயில் ஏறியபின் கரைக்குப் போனபோது, வாத்துகள் கண்மாயின் நடுவுக்குப் போய்விட்டிருந்தன. மரத்துப் பறவைகளின் குரல் அடங்கிவிட்டிருந்தது. அன்று முதன்முதலாக வந்த பிள்ளைகள் உரைகளை மட்டுமே கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்திருப்பார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் குழுவில் தவறாமல் வருகிறவர்களில் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். பணிக்காலம் முழுவதும் ஒரே வழித்தடத்தில், கண்மாய்க் கரைகளையொட்டி வண்டி ஓட்டியவர். முதல் நடை எடுக்கும்போது எந்தக் கண்மாயில் என்ன இறங்கியிருக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். பெயர்தான் பலவற்றுக்குத் தெரியாது. "அம்புட்டு வருசமும் கடந்துதான் போனேன் டீச்சர். சீட்டுல ஆளு இருக்கையில நிப்பாட்டிப் பாக்க முடியுமா? இப்பத்தான் நின்னு பாக்குறேன்" என்று ஒருநாள் சொன்னார். கணக்கெடுப்பில் கலந்துகொள்வதற்கு அவருக்கு இருக்கும் காரணம் அவ்வளவுதான். வரும் பொங்கலுக்கு யார் எந்தக் கண்மாய்க்குப் போவது என்று இப்போதே திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஒன்றியத்தில் இதுவரை ஒரு பட்டியல்கூட வராத கண்மாய்களின் பெயர்களை, தன் பழைய வழித்தடத்தின் நிறுத்தங்கள் வரும் வரிசையிலேயே அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பொங்கலுக்கு வருகிறவர்கள், பொங்கல் வைப்பதற்கு முன்போ மாட்டுப் பொங்கலன்று காலையிலோ பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. தெரிந்த பறவைகளை மட்டும் எண்ணுங்கள், காக்கையை விட்டுவிடாதீர்கள்.